ஜர்னலிங் பைபிள் செட் ரிவ்யூ: மார்ஜினுக்காக வாங்கலாம், ஸ்டிக்கருக்காக வேண்டாம்

முதல்லயே சொல்லிடுறேன், பைபிள் நல்லாருக்கு, கூட வர்ற சாமான்ல பாதி தேவையே இல்ல. பைபிள் ஜர்னலிங்னு (பைபிளை வாசிச்சுட்டே ஓரத்துல குறிப்பு எழுதுறது, வரையறது) தேடுனா வர்ற வீடியோ எல்லாத்துலயும் வாட்டர்கலர், பூ, தங்கக் கலர் எழுத்துன்னு ஒரே கண்காட்சியா இருக்கும், அதைப் பாத்துட்டு நமக்கு வரையல்லாம் வராதுப்பான்னு ஒதுங்கிப் போறவங்கதான் நிறைய, இந்த ரிவ்யூ அவங்களுக்குத்தான். எனக்கும் வரைய வராது, நான் புறா வரைஞ்சா கோழியான்னு கேப்பாங்க.

பாக்ஸுக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னா, ஓரத்துல 2 இஞ்ச் கோடு போட்ட காலி இடம் விட்ட பைபிள் (அச்சு இங்கிலீஷ், நான் எழுதுறது தமிழ்), சில கருப்பு பேனா, ஜெல் ஹைலைட்டர், புஸ்தகப் பேர் போட்டு ஒட்டுற டேப், ரெண்டு மூணு ஷீட் ஸ்டிக்கர், வாஷி டேப் (அலங்காரத்துக்கு ஒட்டுற பேப்பர் டேப்), ஸ்டென்சில், அப்புறம் '30 நாளில் பொறுமை'ன்னு ஒரு சின்ன கைடு. அந்தத் தலைப்பைப் பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு, பொறுமைக்கே டெட்லைன் வெச்சிருக்காங்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

பேப்பர்லருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா வாங்குறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி அதுதான். சாதாரணமா பிரிண்டர்ல போடுற பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கற கணக்கு) இருக்கும், பைபிள் பேப்பர் பொதுவா 30லருந்து 40 வரைக்கும்தான், இல்லன்னா 66 புஸ்தகம், 1,189 அதிகாரத்தை ஒரே அட்டைக்குள்ள அடக்கி கையில தூக்க முடியாது. இவ்ளோ மெல்லிசான பேப்பர்ல எழுதுனா ரெண்டு தொல்லை வரும். ஒண்ணு, எழுதுனது பின்பக்கம் நிழலா தெரியும். இன்னொண்ணு, மையே ஊறி அந்தப் பக்கம் வந்து நிக்கும். நிழலை ஒண்ணும் பண்ண முடியாது, அச்செழுத்தே பின்னாடி லேசா தெரியத்தான் செய்யுது, கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும். மை ஊறுறதுக்குத்தான் வழி இருக்கு, அது முழுக்க பேனா சமாச்சாரம்.

பேனால டை இங்க், பிக்மென்ட் இங்க்னு ரெண்டு ஜாதி. டை இங்க் தண்ணில கரைஞ்ச சாயம், பேப்பர் நார்ல இறங்கி ஓடும். பிக்மென்ட்னா பொடித்துகள், அது மேல்பரப்புலயே தங்கி காஞ்சிடும், சீக்கிரம் வெளுக்கவும் செய்யாது. அதனாலதான் ஜர்னலிங் பண்றவங்க எல்லாரும் பிக்மா மைக்ரான் மாதிரி பேனாவைச் சொல்றாங்க. 005 நம்பர்னா 0.20 மிமீ கோடு, 01னா 0.25 மிமீ. தமிழ்ல எழுத எனக்கு 01 சரியா இருக்கு, 005ல எழுதுனா லேசா அழுத்துனாலே முனை உள்ள போயிடும்னு பயம். செட்ல வந்த பேனா பரவால்ல ரகம், ஊறல, ஆனா ஒண்ணு வரும்போதே காஞ்சி போய் வந்துச்சு. கேட்டதுக்கு செட்ல வர்ற சாமானைத் தனியா மாத்தித் தரமாட்டோம்னு பதில் வந்துச்சு, சரி ஒரு பேனாவுக்காக எவன் சண்டை போடுறதுன்னு விட்டுட்டேன். பால்பாயின்ட் பேனாவும் ஊறாது, ஆனா அழுத்தம் பின்பக்கம் மேடு மேடா தெரியும், அடியில ஒரு அட்டை வெச்சு எழுதுனா தப்பிக்கலாம். சாதா ஜெல் பேனா மட்டும் வேணாம், காயறதுக்குள்ள பைபிளை மூடுனீங்கன்னா எதிர்ப்பக்கத்துல கண்ணாடி எழுத்தா இன்னொரு காப்பி விழுந்துடும்.

ஹைலைட்டர் விஷயத்துல இந்த செட் சரியாத்தான் குடுத்திருக்கு. நம்ம ஸ்கூல் காலத்து திரவ ஹைலைட்டர் இந்தப் பேப்பர்ல பின்பக்கம் வரைக்கும் போயிடும், இது மெழுகு மாதிரி குச்சி, மேல மட்டும் பூசும். வெயில்ல வெச்சா இளகும், முனை மொத்தமா இருக்கறதால ஒரு வரிய மட்டும் பூச நினைச்சா மேல கீழ வரிக்கும் கொஞ்சம் பங்கு போகும். இதைவிட சாதாரண கலர் பென்சிலே நல்லாருக்குங்கறது என் அபிப்பிராயம், கூர்மையா சீவிக்கலாம், லேசாவும் அடிக்கலாம், யார் வீட்லயும் இருக்கும். பெயின்ட் அடிக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல ஜெஸ்ஸோன்னு ஒரு வெள்ளை அடிப்பூச்சைத் தடவி காயவெச்சு அதுமேலதான் அடிக்கணும், இல்லன்னா பேப்பர் சுருண்டுக்கும். அப்படி அடிச்ச பக்கம் விறைப்பா நிக்குது, பக்கத்துப் பக்கத்தோட சேந்து உக்கார மாட்டேங்குது, எனக்கு அது ஒத்து வரல. எந்தப் பேனாவா இருந்தாலும் சரி, கடைசில இருக்குற வரைபடம், இண்டெக்ஸ் பக்கத்துல ஒரு கோடு போட்டுப் பாத்துட்டு ஒரு ராத்திரி விட்டு மறுநாள் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, அப்புறம் உள்ள இறங்குங்க.

பைண்டிங் நூல் தையல். இதை வாங்கும்போதே பாக்கணும், நடுவுல விரிச்சா சில இடத்துல நூல் தெரியும், அப்போ தையல்னு அர்த்தம், வெறும் பசை போட்டதுன்னா விரிச்சு விரிச்சு எழுதுறதுல ஒருநாள் லேவியராகமம் தனியா கையோட வந்துடும். புதுசா வந்ததும் முன்னாடிலருந்து கொஞ்சம் பக்கம், பின்னாடிலருந்து கொஞ்சம் பக்கம்னு மாத்தி மாத்தி விரிச்சு மெதுவா அழுத்திவிட்டா அப்புறம் படுத்த மேனிக்கு நிக்கும். ஆனா ஒண்ணு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, ஆதியாகமத்துல எழுதும்போது இடது பக்கம் பள்ளத்துல இருக்கும், வலது பக்கம் மேட்டுல, மார்ஜின் ரெண்டு பக்கமும் வெளி ஓரத்துலதான இருக்கு, இடது ஓரத்துல எழுதுனா கை அந்தரத்துல தொங்கும். வெளிப்படுத்தல்ல அப்படியே உல்டா. பள்ளமான பக்கத்துக்கு அடியில அதே உயரத்துக்கு ஒரு புஸ்தகத்தை முட்டுக் குடுத்தா கையெழுத்து கையெழுத்தா இருக்கும்.

அடுத்து நம்மாளுங்களுக்குன்னே ஒரு குறை. மார்ஜின்ல போட்டிருக்குற கோடு இங்கிலீஷ் எழுத்துக்கு அளந்து போட்டது. நம்ம எழுத்துக்கு மேல விசிறி, கீழ சுழி, முன்னாடி கொம்பு, பின்னாடி காலுன்னு நாலு பக்கமும் இடம் வேணும். 'கீழ்'னு எழுதுறதுக்குள்ள மேல் வரியில முட்டுது. அகலமும் பத்தல, ஏசாயா 40:31ஐ ஓரத்துல எழுதிப் பாத்தேன், "காத்திருக்கிறவர்களோ"ங்கற ஒரே வார்த்தை "காத்திருக்" வரைக்கும் ஒரு வரி, "கிறவர்களோ" அடுத்த வரின்னு உடைஞ்சுது, "சோர்ந்துபோகார்கள்" வர்றதுக்குள்ள பக்கமே முடிஞ்சுபோச்சு. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுனா படிக்கிற மாதிரி வருது. தமிழ்ல எழுதப்போறீங்கன்னா கோடு போடாத மார்ஜின் உள்ளதைத் தேடி வாங்குங்க, இந்த ஒரு விஷயத்துக்காகவே அடுத்த தடவை நான் அதைத்தான் வாங்குவேன்.

சாமான் கதை போதும், எழுதுறதால என்ன ஆச்சுங்கறதைச் சொல்றேன், பணம் குடுத்தது அதுக்குத்தான.

நான் வருஷத்துல பைபிளை முடிக்கணும்னு வேகவேகமா ஓட்டுற ஆளு. அட்டவணைப்படி நாலு அதிகாரம்னா நாலு அதிகாரம், டிக் அடிச்சாச்சு, அடுத்த வேலை. எழுத ஆரம்பிச்சா அந்த ஓட்டம் தானா குறையும், ஏன்னா கை கண்ணு வேகத்துக்குப் போகாது. ஒரு வசனத்தைப் பாத்து எழுதுறதுக்குள்ள அதை ரெண்டு மூணு தடவை திரும்பப் பாத்தாகணும், அப்பதான் இதுவரைக்கும் தாண்டிப் போன ஏதோ ஒரு சொல்லு கண்ணுல படும். உபாகமம் 17ல ராஜாவுக்கு ஒரு கட்டளை இருக்கு பாருங்க, சிங்காசனத்துல உக்காந்ததும் ஆசாரியர்கிட்ட இருக்குற நூலைப் பாத்து நியாயப்பிரமாணத்தோட பிரதியை எழுதிக்கணும், ஜீவனுள்ள நாளெல்லாம் அதை வாசிக்கணும்னு. எழுதிக்குடுக்க ஆள் இல்லாத ராஜாவா என்ன? ஆனாலும் எழுதச் சொல்லியிருக்கு.

ஆபிரகாம் கதையில இது எனக்கு நல்லா புரிஞ்சுது. ஓரத்துல பெருசா ஒண்ணும் எழுதல, வயசை மட்டும் குறிச்சுட்டு வந்தேன். ஆதியாகமம் 12:4ல 75. 16:16ல இஸ்மவேல் பிறந்தப்போ 86. அடுத்த வசனம் 17:1, அங்க 99. அச்சுல பாத்தா 16ம் அதிகாரம் முடிஞ்சு 17 ஆரம்பிக்குற இடத்துல ஒரு சின்ன இடைவெளி, விரக்கடை அகலம்கூட இல்ல, அதுக்குள்ள 13 வருஷம் ஒளிஞ்சிருக்கு. அந்த 13 வருஷத்துல தேவன் என்ன பேசுனாரு, ஆபிரகாம் என்ன நெனச்சாருன்னு ஒரு வரிகூட கிடையாது. அப்புறம் 21:5ல 100, ஈசாக்கு. ஆக சந்ததி தருவேங்கற வாக்குத்தத்தத்துக்கும் பிள்ளைக்கும் நடுவுல 25 வருஷம், நான் அதை ஒரே உக்காருல காபி ஆறுறதுக்குள்ள படிச்சு முடிச்சிருந்தேன் இத்தனை காலமும். யோசேப்புக்கும் இதே மாதிரி குறிச்சுப் பாருங்க, 37:2ல 17 வயசு, பார்வோன் முன்னாடி நிக்கும்போது 41:46ல 30, நடுவுல பானபாத்திரக்காரன் மறந்துட்ட பிறகு மட்டும் ரெண்டு வருஷம் முழுசா. இதுக்கு கலரும் வேணாம் ஸ்டிக்கரும் வேணாம், நம்பர் எழுதத் தெரிஞ்சா போதும்.

ரெண்டாவது விஷயம் தேதி. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். எந்தக் குறிப்பு எழுதுனாலும் தேதி போடுங்க, ஜெபமா இருந்தா கீழ கொஞ்சம் இடம் விடுங்க. சங்கீதம் 40:1, "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்", அதுக்குப் பக்கத்துல வேலை விஷயமா ஒரு விண்ணப்பம் எழுதி வெச்சிருந்தேன். திரும்ப அந்தப் பக்கம் வந்தப்போ வேற வேலையில இருந்தேன், கேட்டது கிடைக்கல, கிடைச்சது நான் கேக்காதது, அதையும் தேதி போட்டு கீழ எழுதிட்டேன். அந்த ரெண்டு தேதியையும் ஒண்ணா பாக்கும்போது வர்ற உணர்வு சாட்சிக் கூட்டத்துல கேக்குறதுல வராது, ஏன்னா நடுவுல நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான தெரியும். பதில் வராத ஜெபமும் இருக்கு, அந்த இடம் காலியாத்தான் கிடக்கு, கிடக்கட்டும், 88ம் சங்கீதம்கூட புலம்பல்ல ஆரம்பிச்சு புலம்பல்லயே முடியுது, அதையும் பைபிள்லதான் வெச்சிருக்காங்க.

யாக்கோபு 1:19 பக்கத்தைப் பத்தியும் சொல்லணும். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்". அதுக்குப் பக்கத்துல கோவப்பட்ட அன்னிக்கு யார் மேலன்னு முதல் எழுத்தும் தேதியும் மட்டும் எழுதுற வழக்கம். இப்போ அந்த ஓரத்தைப் பாத்தா ஒரே எழுத்து வரிசையா கீழ இறங்கிட்டே போகுது, தேதி மட்டும்தான் மாறுது, நடுவுல அங்கங்க வேற எழுத்து. ஒரு கட்டத்துல தேதிக்கும் தேதிக்கும் நடுவுல இடைவெளி கூடிட்டே வருது. கோவம் குறைஞ்சுதா அவர் டிபார்ட்மென்ட் மாறுனாரான்னு கேக்காதீங்க, ரெண்டும்தான்.

இதே இடத்துல ஒரு எச்சரிக்கை. மார்ஜின் பைபிள் யார் கையிலயும் போகும், சபைக்கு எடுத்துட்டுப் போவீங்க, பக்கத்துல உக்காந்தவங்க எட்டிப் பாப்பாங்க, வீட்ல பிள்ளைங்க எடுத்துப் புரட்டும். அதனால மனசுல இருக்குற எல்லாத்தையும் அதுல கொட்ட முடியாது, கொட்டவும் கூடாது, அடுத்தவங்க மானம் சம்பந்தப்பட்டதா இருந்தா முக்கியமா. முதல் எழுத்து, தேதி, ஒரு அடையாளக்குறி இது போதும். முழுசா எழுதணும்னா தனியா ஒரு நோட்டு வெச்சுக்கோங்க. பாவ அறிக்கையைப் போய் அழியாத மையில எழுதி வெப்பாங்களா?

கைடு பத்தி சொல்றேன்னேன்ல. 30 நாளுக்கு 30 வசனம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்வி, கேள்வி பூரா "இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது", "இந்த வசனம் உங்களிடம் என்ன பேசுகிறது" மாதிரிதான். நேரா என்கிட்ட வந்துடுது, வசனத்துல என்ன இருக்கு, யாருக்கு யார் எழுதுனது, மேல கீழ என்ன வருதுன்னு ஒரு கேள்விகூட இல்ல. அதோட முதல் நாள் வசனமே எரேமியா 29:11, அது இல்லாம இருக்குமா, ஸ்டிக்கர் ஷீட்லயும் அதேதான் மூணு டிசைன்ல. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" அருமையான வசனம்தான், யாரு இல்லன்னா? ஆனா ஒரே ஒரு வரி மேல போனா 29:10, அங்க பாபிலோனுக்கு 70 வருஷம்னு போட்டிருக்கு. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதுன கடிதம், அதைக் கேட்ட பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க ஊருக்குத் திரும்பிப் போறதைப் பாக்கவே வாய்ப்பு இல்ல. இன்னும் கொஞ்சம் மேல 29:5ல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட கனியைச் சாப்பிடுங்கன்னு சொல்லியிருக்கு, அதாவது பெட்டியைக் கட்டிட்டு வாசல்ல உக்காராதீங்க, இங்கயே பொழப்பைப் பாருங்க, நேரம் ஆகும்னு. பொறுமைக்கு இதைவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும், அதை விட்டுட்டு 11ஐ மட்டும் வெட்டி எடுத்து பூ ஒட்டுனா 30 நாள்ல பொறுமை வந்துடுமா? ஸ்டிக்கர் ஒட்டுறவங்க 10ம் வசனத்து மேலயே ஒட்டிடாம இருந்தா சரி, நிஜமா அப்படி ஒரு போட்டோ பாத்தேன்.

அதனால கைடை ஓரம் கட்டிட்டு நிறைய பேர் பண்ற அந்த நாலு படி முறையைத்தான் நான் வெச்சிருக்கேன். முதல்ல வசனத்தை அப்படியே எழுதணும், அப்புறம் அதுல கவனிச்சது, அதுக்கப்புறம் என் வாழ்க்கையில இது எங்க வருது, கடைசியா ஒரு வரி ஜெபம். இதுல ரெண்டாவது படிதான் உயிர், அங்கதான் பொறுமை பயிற்சியே நடக்குது, உடனே எனக்கு என்னன்னு தாவாம அந்த வசனத்து முன்னாடி கொஞ்ச நேரம் வாய மூடிட்டு உக்காரணும். யாக்கோபு 5:7ல பயிரிடுறவன் முன்மாரியும் பின்மாரியும் வர்ற வரைக்கும் நீடிய பொறுமையோட காத்திருக்கிறான்னு இருக்கு, வாழ்க்கையில பொறுமையா இருன்னு பொதுவா ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன், நின்னு பாத்ததுல பட்டது என்னன்னா ரெண்டு மழை. முதல் மழை வந்ததும் முடிஞ்சுதுன்னு அவன் நெனைக்கல, விதைக்க ஒண்ணு, கதிர் முத்த ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல மாசக்கணக்கு. முதல் மழையிலயே அறுவடையைத் தேடுற பழக்கம் எனக்கு உண்டு, அதைத்தான் மூணாவது படியில எழுதுனேன்.

பைபிள்ல எழுதலாமான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். சபையில ஒரு பெரியவர் கேட்டே கேட்டுட்டாரு, "என்ன தம்பி, வேதப்புஸ்தகத்துல போய் இப்படிக் கிறுக்கி வெச்சிருக்கீங்க?"ன்னு. "ஐயா, வசனத்து மேல ஒரு புள்ளிகூட வெக்கல, ஓரத்துலதான் எழுதியிருக்கேன் பாருங்க"ன்னு குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுட்டு நாலு பக்கம் புரட்டுனாரு, "எழுத்து சின்னதா இருக்கே"ன்னுட்டு குடுத்துட்டாரு. அவங்க தயக்கத்தை நான் குறை சொல்லல, மரியாதையிலருந்து வர்றதுதான். ஆனா ஓரத்துல எழுதுறது இன்னிக்கு நேத்து வந்த ஃபேஷன் இல்ல. இசை அமைப்பாளர் பாஹ் வெச்சிருந்த மூணு தொகுதி வேத விளக்கப் புஸ்தகம், காலோவ்ங்கற இறையியல் அறிஞர் விளக்கம் எழுதுனது, அதுல பாஹ் தன் முத்திரையெழுத்தும் 1733ன்னு வருஷமும் போட்டு வெச்சிருக்காரு, உள்ள ஓரத்துல குறிப்பும் இருக்கு. 2 நாளாகமம் 5ல பாடகர் எல்லாரும் ஒரே சத்தமா பாட ஆலயம் மேகத்தால நிரம்புதுல்ல, அந்த இடத்துல பக்தியோட வாசிக்கிற இசையில தேவன் எப்பவும் தம் கிருபையோட இருக்காருங்கற அர்த்தத்துல எழுதியிருக்காரு. வாழ்நாள்ல பெரும்பகுதி சபைக்கு இசை எழுதுன மனுஷன் எந்த வசனத்துக்குப் பக்கத்துல பேனா எடுத்திருக்காரு பாருங்க. 1934ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஒரு வீட்ல அது கிடைச்சுது, இப்போ செயின்ட் லூயிஸ் கன்கார்டியா செமினரில இருக்கு.

18ம் நூற்றாண்டு அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேல. சின்ன பைபிளைப் பிரிச்சு ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல வெள்ளைத்தாள் சேத்துக் கட்டுன ஒரு பிரதி, மச்சினன் கிட்டருந்து 1730 வாக்குல அவர் கைக்கு வந்தது, 1758ல அவர் சாகுற வரைக்கும் அதுல எழுதிட்டே இருந்தாரு, 5,000க்கு மேல குறிப்பு, இப்போ யேல் பல்கலைக்கழகத்துல இருக்கு. இவர் பண்ணதுல எனக்கு உபயோகமான விஷயம் ஒண்ணு உண்டு. மார்ஜின் பைபிள் வாங்க முடியாதவங்க, தமிழ் பைபிள்லதான் வாசிப்பேன்னு இருக்கறவங்க, அதுல ஓரம் கம்மியா இருந்தா கவலைப்பட வேணாம், ஒரு நோட்டை எடுத்து பக்கத்துக்கு ஒரு அதிகாரம்னு நம்பர் போட்டுட்டா அதே வேலைதான், இன்னும் சொல்லப்போனா இடம் தாராளம். சங்கீதத்துல மட்டும் ஆரம்பிக்கலாம், 150 பக்கம். 119க்கு மட்டும் கூடுதலா விடுங்க, 176 வசனம், எட்டு எட்டா 22 பாகம், ஒரு நாளைக்கு ஒரு பாகம்னாலே மூணு வாரம் ஓடிடும்.

சரி, இதோட கெட்ட பக்கம். போட்டோ எடுத்துப் போடுற ஆசை. பக்கம் அழகா வந்துட்டா மனசு தானா செல்போனைத் தேடும், அப்புறம் எந்த வசனம் அழகா வரும்னு பாத்து வாசிக்க ஆரம்பிச்சுடுவோம். சிலர் பக்கங்களைப் பாத்தா சங்கீதம், பிலிப்பியர், ரோமர் 8 எல்லாம் ஜொலிக்கும், எண்ணாகமம் பக்கம் வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரியே பளிச்சுன்னு இருக்கும். என் பைபிளும் லேவியராகமத்துல 27 அதிகாரத்துக்கும் சேத்து ஒரு கை அளவுதான் எழுத்து, பொய் சொல்லல. ஆனா மூடி வெச்ச பைபிளோட வெட்டு ஓரத்தைப் பாத்தாலே எந்த இடம் கை பட்டு அழுக்காகியிருக்கு, எந்த இடம் வெள்ளையா இருக்குன்னு தெரிஞ்சுடுது, டிக் அடிச்ச அட்டவணை இதைக் காட்டிக் குடுக்காது.

ஸ்டிக்கரும் வாஷி டேப்பும் ஒட்ட ஒட்ட புஸ்தகம் வீங்கும். ஒரு ஸ்டிக்கர் கனம் ஒண்ணுமில்லதான், ஆனா நூறு பக்கத்துல ஒட்டுனா அட்டை மூடாது, முதுகு வளையும், தையல் இழுபடும். டேப்பை உரிச்சா பேப்பரும் கூடவே உரிஞ்சு வரும், வசனத்தோட. குறிப்பு தப்புன்னு பின்னாடி தோணுச்சுன்னா மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீங்க, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல புதுத் தேதி போட்டு எழுதுங்க, ரெண்டும் இருக்கட்டும், போன வருஷம் இந்த வசனத்தை எப்படிப் புரிஞ்சு வெச்சிருந்தோம்னு தெரியறது நல்லதுதான். புஸ்தகப் பேர் டேப் மட்டும் ஒட்டுனேன், செப்பனியாவைத் தேடுறவங்களுக்கு அது பெரிய உதவி. ஸ்டென்சிலை அக்கா பொண்ணுக்குக் குடுத்துட்டேன், அவ ஞாயிறு பள்ளி நோட்டுல நட்சத்திரமா போட்டுத் தள்ளுறா.

மார்க்னு கேட்டா பைபிளுக்கு அஞ்சுக்கு நாலு, கோடு மட்டும் இல்லாம இருந்திருந்தா நாலரை. செட்டா சேத்துப் பாத்தா ரெண்டரை. பைபிள் தனியா கிடைச்சா அதையும் ஒரு 01 பேனாவையும் ரெண்டு கலர் பென்சிலையும் வாங்கிட்டு ஆரம்பிங்க. பரிசா குடுக்க நினைக்கிறவங்க, பரிசை வாங்கிக்கப்போறவரோட வயசைப் பாத்துக்கோங்க, ஓரத்துக்கு இடம் விட்டதால அச்செழுத்தைச் சின்னதாக்கிட்டாங்க, அந்தப் பெரியவர் சொன்னது என் கையெழுத்தையா அச்சையான்னு எனக்கே சந்தேகம்தான், சாளேசரம் வந்தவங்களுக்கு பெரிய எழுத்து பைபிளும் பக்கத்துல ஒரு நோட்டும் குடுத்தா ஒழுங்கா உபயோகப்படும்.